மூடி வைச்சாலே காணுமோ? லப்டொப்பின் ஸ்லீப், ஷட் டவுன் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மாந்தைப் பக்கங்களில் லப்டொப் வைத்திருக்கிற மாணவர்களும் ஆசிரியர்களும் அலுவலர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். இந்தக் கேள்விகளுக்கு வேறிடங்களில் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் கரண்ட் எப்போதும் இருக்கும், பற்றரி நன்றாக இருக்கும் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. எங்களுக்கு இந்த இரண்டுமே நிச்சயமில்லை. அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்தே பதில்கள் இருக்கின்றன. மற்றவை பற்றிக் கடைசிப் பக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

லப்டொப்பை ஒவ்வொரு நாளும் ஷட் டவுன் பண்ண வேணுமோ, மூடி வைச்சாலே காணுமோ?

பற்றரி நல்ல நிலையில் இருந்து, சில மணிநேரத்தில் திரும்பத் திறக்கப் போகிறீர்கள் என்றால் மூடி வைத்தாலே காணும். இரவு வைத்துவிட்டுக் காலையில் எடுப்பதென்றால் ஹைபர்னேட் செய்யுங்கள். பையில் போட்டு பஸ் ஏறப் போகிறீர்கள் என்றால் ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன். நாட்கணக்கில் தொடமாட்டீர்கள் என்றால் ஷட் டவுன்தான். பற்றரி செத்துப்போய் வயரில் மட்டும் ஓடுகிற லப்டொப்பை ஸ்லீப்பில் விடவே வேண்டாம்.

அவசரத்துக்கு வந்தவர்கள் இத்தோடு போகலாம். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

ஸ்லீப் எண்டால் உள்ளுக்கை என்ன நடக்குது?

நீங்கள் திறந்து வைத்திருக்கிற கோப்புகள், இணையப் பக்கங்கள், பாதியில் நிற்கிற கடிதம் எல்லாம் ராம் என்கிற நினைவகத்தில் இருக்கின்றன. ராமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஸ்லீப்பில் திரை, டிஸ்க், விசிறி எல்லாம் நின்றுவிட, ராமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். அதனால்தான் மூடியைத் திறந்தவுடன் விட்ட இடத்திலேயே எல்லாம் நிற்கிறது. அந்தக் கொஞ்ச மின்சாரமும் அறுந்தால் சேவ் செய்யாதது அத்தனையும் போய்விடும்.

ஹைபர்னேட்டில் ராமில் உள்ளதை அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு இயந்திரம் முழுதாக நின்றுவிடுகிறது. வகுப்பில் கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் பார்த்து எழுதிவிட்டால், பிறகு யார் பலகையை அழித்தாலும் பரவாயில்லை அல்லவா, அதுமாதிரித்தான். திரும்ப ஓன் செய்யும்போது அந்தக் கோப்பிலிருந்து ராமுக்கு ஏற்றி, விட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். பற்றரியைக் கழற்றி வைத்தாலும் ஒன்றும் அழியாது.

ஷட் டவுனில் எல்லாம் மூடப்படுகிறது. அடுத்தமுறை புதிதாகத் தொடங்க வேண்டும். இதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கீழே வருகிறது.

ஹைபர்னேட் எண்டு ஒண்டை என்ரை லப்டொப்பிலை நான் காணவேயில்லையே?

பலர் காணவில்லை. விண்டோஸ் அதைப் பெரும்பாலான இயந்திரங்களில் பவர் பட்டியலில் காட்டாமல் மறைத்து வைத்திருக்கிறது. எனக்கு இது மிகுந்த கவலை தருகிற விடயம், ஏனென்றால் கரண்ட் நின்று நின்று வருகிற இடங்களுக்கு மூன்றிலும் பொருத்தமானது இதுதான். அதை ஒருமுறை வெளியே எடுத்து வைத்தால் போதும்.

ஸ்டார்ட்டை அழுத்தி "கொன்ட்ரோல் பனல்" என்று தேடித் திறவுங்கள். அதில் "பவர் ஒப்ஷன்ஸ்" போங்கள். இடதுபக்கத்தில் "சூஸ் வட் த பவர் பட்டன்ஸ் டூ" என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் வருகிற பக்கத்தின் மேலே நீல எழுத்தில், இப்போது மாற்ற முடியாதவற்றை மாற்றுவதற்கான ஒரு வரி இருக்கிறது. அதை அழுத்தினால் கீழே சாம்பல் நிறத்தில் கிடந்த பெட்டிகள் உயிர்பெறும். ஹைபர்னேட் என்ற பெட்டிக்குச் சரி அடையாளம் போட்டு சேவ் செய்யுங்கள். இனி ஸ்டார்ட்டின் பவர் பொத்தானை அழுத்தும்போது ஸ்லீப்புக்கும் ஷட் டவுனுக்கும் பக்கத்தில் அதுவும் நிற்கும்.

வந்தது வந்தீர்கள், அதே பக்கத்தில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு நிரல்களில் கேட்கும்: பற்றரியில் இருக்கும்போது, வயரில் இருக்கும்போது. நான் சொல்லுவது, பற்றரி நிரலில் ஹைபர்னேட், வயர் நிரலில் ஸ்லீப். வீட்டில் சார்ஜரோடு இருக்கும்போது மூடினால் உடனே எழும்பும். வெளியே பற்றரியில் இருக்கும்போது மூடினால் முழுதாக நின்றுவிடும். பழகிய பின் யோசிக்கவே தேவையில்லை.

அந்தப் பெட்டியே இல்லையென்றால் பெரும்பாலும் திரையை இயக்குகிற மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் சரியாகப் போடப்படவில்லை, அல்லது ஹைபர்னேட் அடியோடு நிறுத்தப்பட்டிருக்கிறது. விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்த கடையில் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பத்து நிமிட வேலை.

இடம் பிடிக்குமா என்றும் கேட்பார்கள். பிடிக்கும். விண்டோஸ் 10 முதல் அந்தக் கோப்பு வழமையாக ராமின் அளவில் 40 வீதம். 8 ஜிபி ராம் என்றால் சி டிரைவில் மூன்று ஜிபிக்குச் சற்று மேல். எஸ்எஸ்டி (சுழலாத புதிய வகை டிஸ்க்) தேய்ந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: நாளுக்கு 4 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு ஒன்றரை டிபி, அதாவது ஏறக்குறைய 1500 ஜிபிதான். சாதாரண 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு உற்பத்தியாளர்கள் தருகிற எழுதும் உத்தரவாதம் 100 டிபி அளவில் இருக்கும். அது தேயுமுன் லப்டொப்பே போய்விடும்.

சுழலுகிற பழைய ஹாட் டிஸ்க் உள்ள லப்டொப்பில் எழுதி முடிக்க அரை நிமிடம், ஒரு நிமிடம் எடுக்கலாம். திரை முதலில் இருண்டுவிடும், உள்ளே எழுதுவது முடிந்திருக்காது. பக்கவாட்டில் சிமிட்டுகிற சிறிய டிஸ்க் விளக்கு அணையும்வரை அதைத் தூக்க வேண்டாம்.

வெளிநாட்டிலை இருந்து மாமா அனுப்பின பழைய லப்டொப். வயரைக் கழட்டினால் உடனை நிண்டிடும். இதை என்ன செய்யிறது?

வன்னியில் இருக்கிற லப்டொப்புகளில் இந்த வகை நிறைய. உறவினர் பாவித்துவிட்டு அனுப்பியது, பாவித்ததாகக் கடையில் வாங்கியது. இயந்திரம் நல்லது, பற்றரி மட்டும் முடிந்துவிட்டது. இதைச் சொந்தக்காரர் லப்டொப்பாக நினைத்தே பாவிக்கிறார், மூடிவிட்டு எழும்பிப் போகிறார். பின்னேரம் கரண்ட் ஒரு செக்கன் போய் வருகிறது. மின்விளக்கு ஒருமுறை சிமிட்டியதைத் தவிர வீட்டில் எவருக்கும் ஒன்றும் தெரியாது. லப்டொப்பைத் திறந்தால் முதலிலிருந்து தொடங்குகிறது, தவணைப் பரீட்சைப் புள்ளிகள் போட்டு வைத்த எக்ஸெல் தாள் காணாமல் போயிருக்கிறது.

இப்படியான லப்டொப்பை மேசைக் கணினி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எழும்பும்போது கொன்ட்ரோலும் எஸ் உம் சேர்த்து அழுத்திச் சேவ் செய்துவிட்டு, ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன். வயரில் இருக்கும்போது மூடியை மூடினாலும் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிவிடுங்கள். முன்னே சொன்ன இரண்டு நிரல்களிலும் ஹைபர்னேட்.

கொஞ்சம் பழைய இயந்திரங்களில் இன்னொரு வழியும் உண்டு. பவர் ஒப்ஷன்ஸில் மேலதிக அமைப்புகளுக்குள் போய் ஸ்லீப் என்பதை விரித்தால் "ஹைபிரிட் ஸ்லீப்" என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால், ஸ்லீப்புக்குப் போகும்போதே டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதிவைக்கும். கரண்ட் போகாவிட்டால் உடனே எழும்பும், போனால் டிஸ்க்கிலிருந்து எழும்பும். மேசைக் கணினிகளுக்கு விண்டோஸ் இதைத் தானாகவே போட்டுத்தான் தருகிறது. லப்டொப்பில் பற்றரி இருக்கும் என்று நம்பி நிறுத்தி வைத்திருக்கிறது.

வேர்ட், எக்ஸெல் இரண்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாமாக ஒரு மீட்புப் பிரதி எடுக்கும். ஒப்ஷன்ஸில் சேவ் என்ற பகுதியில் அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். பற்றரி செத்தவர்களுக்கு இது கட்டாயம்.

இதையெல்லாம் விடச் சிறந்தது புதிய பற்றரி ஒன்று போடுவது. பழையதைக் கழற்றி அதன் முதுகில் இருக்கிற இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனால் சரியானது கிடைக்கும். பற்றரி கிடைக்காத மிகப் பழைய மொடல் என்றால், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மின்சாரம் தருகிற சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கலாம். லப்டொப் இழுக்கிற மின்சாரம் குறைவு என்பதால் சேவ் செய்து நிறுத்தத் தாராளமாக நேரம் கிடைக்கும்.

கரண்ட் நிண்டவுடனை ஷட் டவுன் பண்ண வேணுமோ?

நல்ல பற்றரி இருந்தால் தேவையில்லை, வேலையைத் தொடருங்கள். சேவ் மட்டும் செய்துகொள்ளுங்கள். எவ்வளவு நேரம் நிற்கும் என்று எவருக்கும் தெரியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் நின்றது. பாணந்துறையில் பட்டது முல்லைத்தீவில் நின்றது. அடுத்து வந்த நாட்களிலும் முறைவைத்து ஒன்றரை மணிநேரம் வெட்டினார்கள்.

ஒரு மணிநேரத்தில் வராது என்று பட்டால், பற்றரி பாதிக்கு இறங்குமுன் ஹைபர்னேட் செய்து மிச்சத்தை வைத்திருங்கள். திறந்து சும்மா விட்டாலே பல வாற்று இழுக்கும். ஹைபர்னேட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மின்சாரத்தை எண்ணிச் செலவழிப்பது எப்படி என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

கரண்ட் வந்தவுடன் சார்ஜரைச் செருக வேண்டாம். முதல் சில நிமிடங்கள் ஏறி இறங்கும், திரும்பவும் போகும். ஐந்து பத்து நிமிடம் பொறுத்துச் செருகுங்கள்.

கரண்ட் இல்லாத நேரம் லப்டொப்பை மூடி வைச்சிட்டு அதிலை போன் சார்ஜ் போடலாமோ?

போடலாம், விலை தெரிந்து போடுங்கள். 5000 எம்ஏஎச் போன் பற்றரி என்பது ஏறக்குறைய 19 வாற்று மணி. வழியில் வீணாவதையும் சேர்த்தால் 22 ஆகும். சாதாரண லப்டொப் பற்றரி 40 முதல் 50 வாற்று மணி. ஒரு போனை வெறுமையிலிருந்து நிரப்பினால் லப்டொப்பின் பாதி போய்விடும்.

லப்டொப் நின்றிருக்கும்போதும் சார்ஜ் ஏற்றுகிற துளைக்குப் பக்கத்தில் மின்னல் அடையாளமோ பற்றரி அடையாளமோ இருக்கும். அந்த வசதி இருக்கிற இயந்திரத்தில் போன் வயரை மறந்து விட்டுவிட்டு, காலையில் "ஸ்லீப் பற்றரியைக் குடிச்சிட்டுது" என்று சொல்பவர்கள் பலர்.

நான் ஒவ்வொரு இரவும் ஷட் டவுன்தான் பண்ணுறன். எண்டாலும் லப்டொப் இழுபடுது, வைஃபை பிடிக்குதில்லை. ஏன்?

முன்னே சூட்சுமம் என்று சொன்னது இதுதான். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் கோப்புகளும் செயலிகளும் மூடப்படும். விண்டோஸின் அடிப்பகுதி மூடப்படாமல், ஹைபர்னேட் போல டிஸ்க்கில் எழுதப்படும். காலையில் ஓன் செய்யும்போது அதே பழைய அடிப்பகுதியே திரும்ப ஏற்றப்படுகிறது. அதனால் சுறுசுறுப்பாகத் திறக்கும், ஆனால் நேற்றைய கோளாறும் கூடவே வரும்.

உங்கள் லப்டொப்பிலேயே இதைப் பார்க்கலாம். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் "பெர்ஃபோமன்ஸ்", பிறகு "சிபியூ" என்று போங்கள். கீழே "அப் டைம்" என்று ஒரு கடிகாரம் ஓடும். தினமும் ஷட் டவுன் செய்கிறவரின் இயந்திரத்தில்கூட அது நாட்கணக்காக ஓடியிருப்பதைக் காண்பீர்கள்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்தக் கடிகாரம் பூச்சியத்திலிருந்து தொடங்கும், ஏனென்றால் ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் உண்மையாகவே மூடுகிறது. ஆகவே வைஃபை பிடிக்கவில்லை, பிரின்டர் தெரியவில்லை, ஒலி வரவில்லை என்றால் ரீஸ்டார்ட்தான் மருந்து. எப்போதும் ஸ்லீப், ஹைபர்னேட் பாவிப்பவர்கள் வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். முழு ஷட் டவுன் வேண்டுமானால் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைத் தெரிவு செய்யுங்கள்.

எஸ்எஸ்டி உள்ளவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடலாம், ஹைபர்னேட் பெட்டி இருந்த அதே இடத்தில்தான் அதுவும் இருக்கிறது. சில செக்கன் கூட எடுக்கும், அவ்வளவுதான். பழைய ஹாட் டிஸ்க் என்றால் இருக்க விடுங்கள்.

மூடிப் பையிலை வைச்சனான். வவுனியாவிலை இறங்கி எடுத்தால் சுடுது, பற்றரியும் இல்லை.

அண்மைய ஆண்டுகளில் வந்த லப்டொப்புகளில் ஸ்லீப் என்பது பழைய ஸ்லீப் அல்ல. போன் போல, மூடிய பின்னும் இடைக்கிடை விழித்து இணையத்தைத் தொட்டு, அஞ்சல் வந்ததா அப்டேட் வந்ததா என்று பார்க்கும். "மொடர்ன் ஸ்டான்ட்பை" என்று இதற்குப் பெயர். மேசையில் இருந்தால் பிரச்சினையில்லை. பையை இறுக்கிப் பூட்டி, பஸ்ஸின் மேல்தட்டில், தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் வெப்பம் போக வழியில்லை. உள்ளே விழித்த இயந்திரம் பைக்குள்ளேயே வேகும்.

பழைய வகை ஸ்லீப் உள்ள லப்டொப் நிரம்பிய பற்றரியோடு இரண்டு நாளாவது தாங்கும். புதிய வகை சிலவேளை ஓர் இரவிலேயே கணிசமாக இறக்கிவிடும். ஆகவே ஏ9இல் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறீர்கள் என்றால், பையில் போடுமுன் ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன். விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே பையைப் பூட்டுங்கள்.

ஹாட் டிஸ்க் உள்ள லப்டொப்பை மோட்டார் சைக்கிளில் கிரவல் ரோட்டால் கொண்டு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குலுங்கும் நேரத்தில் இயந்திரம் விழித்து டிஸ்க் சுழன்றால், ஊசி தட்டில் பட்டுக் கோப்புகள் அழியலாம். உள்ளூர்ப் பாதைகளில் அலுவலக லப்டொப்பைத் தினமும் கொண்டு திரிகிற வெளிக்கள அலுவலர்கள், முடிந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள்.

அடிக்கடி ஓன், ஓஃப் பண்ணினால் லப்டொப் பழுதாகுமோ?

ஆகாது. சாதாரண பாவனையில் அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. இயந்திரத்தைக் கெடுப்பது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து வலுக்கட்டாயமாக நிறுத்துவதும், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுவதும்தான்.

இடி மின்னல் நேரம் ஸ்லீப்பிலை இருந்தால் ஆபத்தோ? ஷட் டவுன் பண்ணினால் தப்புமோ?

இரண்டும் தப்பாது, வயர் செருகியிருந்தால். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையில் மாரி தொடங்கும்போதும் பின்னேரங்களில் வருகிற இடி முழக்கத்தில் அடாப்டர்களும் ரூட்டர்களும் எரிந்து போகின்றன. வெளியான வயல், பனைகளுக்கு நடுவே நீண்டு வருகிற மின்கம்பி, அதன் கடைசியில் உங்கள் வீடு. மின்னல் எங்கோ விழுந்தாலும் அதிர்ச்சி கம்பி வழியே வரும். லப்டொப் ஓடுகிறதா நிற்கிறதா என்று அது பார்க்காது. சுவரிலுள்ள சுவிச்சை நிறுத்தினாலும் அந்தச் சிறு இடைவெளியைப் பாய்ந்து கடந்துவிடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். இடி தொலைவில் கேட்கத் தொடங்கும்போதே சார்ஜரைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். ரூட்டரிலிருந்து வருகிற வயர் லப்டொப்பில் செருகியிருந்தால் அதையும். கழற்றிய பின் பற்றரியில் வேலை செய்வதால் லப்டொப்புக்கு ஆபத்தில்லை. இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைக் கழற்ற ஓட வேண்டாம், அது உங்களுக்கு ஆபத்து.

ஸ்லீப்பிலை விட்டால் கரண்ட் பில் கூடுமோ?

கவலைப்படும் அளவில் இல்லை. ஸ்லீப்பில் ஒன்று, ஒன்றரை வாற்று. ஒவ்வொரு இரவும் பத்து மணிநேரம் விட்டாலும் மாதத்துக்கு அரை யுனிற்கூட வராது. விசிறி ஒன்று ஒரே இரவில் அந்த அளவு எடுத்துவிடும்.

எப்பவும் சார்ஜிலேயே போட்டு வைக்கலாமோ?

நிரம்பிய பின் தானே நிறுத்திக்கொள்ளும், வெடிக்காது. ஆனால் லிதியம் பற்றரிக்கு இரண்டு எதிரிகள்: வெக்கையும், எப்போதும் 100 வீதத்தில் நிற்பதும். பெரும்பாலான லப்டொப்புகளுக்கு உற்பத்தியாளர்கள் எழுதிவைக்கிற வேலை வெப்பநிலை 35 பாகை வரைதான். சித்திரை, வைகாசியில் எங்கள் வெயில் அதைத் தாண்டும், தகரக் கூரை வீட்டுக்குள் இன்னும் கூட. சோளகம் வீசுகிற மாதங்களில் தூசி விசிறியை அடைத்து வெக்கையை இன்னும் ஏற்றும்.

லெனோவோ, ஏசூஸ் போன்றவற்றின் சொந்தச் செயலியில் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற தெரிவு இருக்கிறது. நாள் முழுக்க வயரில் வேலை செய்பவர்கள் அதைப் போடுங்கள். மின்வெட்டு அறிவித்திருந்தால் முதல் நாளே அந்தத் தெரிவை எடுத்துவிட்டு முழுதாக நிரப்புங்கள். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஸ்லீப்பில் விட வேண்டாம்.

டச்பாட் மேலே எழும்பி வந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் நின்றாலோ பற்றரி வீங்குகிறது. அன்றோடு பாவிப்பதையும் சார்ஜ் போடுவதையும் நிறுத்திக் கடைக்குக் கொண்டு போங்கள். குத்தவோ அமத்தவோ வேண்டாம்.

தண்ணி மோட்டர் போட்டால் லைட் மங்குது. லப்டொப்புக்கு என்னவும் நடக்குமோ? ஜெனரேற்றரிலை போடலாமோ?

லப்டொப் அடாப்டரின் முதுகைப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ற் வரை என்று எழுதியிருக்கும். லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் இரவு வோல்ற்றேஜ் இறங்கி விசிறி மெதுவாகச் சுற்றும்போதும் அடாப்டர் சமாளிக்கும். தனியாக ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஜெனரேற்றர் என்றால் முதலில் அதைத் தொடக்கி, சத்தம் சீராக வந்த பின் சார்ஜரைச் செருகுங்கள், நிறுத்துமுன் சார்ஜரைக் கழற்றுங்கள். சோலார் இன்வேர்ட்டரிலும் பிரச்சினையில்லை. ஆனால் இரவு சோலார் பற்றரியைச் சேமிக்க வேண்டுமென்றால் பகல் வெயிலில் லப்டொப்பை நிரப்பி, இரவு வயர் இல்லாமல் பாவியுங்கள்.

ஒரு லப்டொப், வீட்டிலை மூண்டு பிள்ளையள். ஆரும் மூடினால் மற்றவையின்ரை வேலை போகுது.

மூடினால் போகாது, வேறொருவர் ஷட் டவுன் கொடுத்தால்தான் போகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். வேலையை விட்டு எழும்புகிறவர் விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மற்றவர் தன் கணக்கில் உள்ளே போகலாம். ஷட் டவுன் கொடுக்கும்போது "வேறொருவர் இன்னும் பாவித்துக்கொண்டிருக்கிறார்" என்று ஓர் எச்சரிக்கை வரும். அது வந்தால் நிறுத்தாமல் தம்பியையோ தங்கச்சியையோ கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மூவரும் திறந்து வைத்தால் 4 ஜிபி ராம் தாங்காது, அப்படியானால் எழும்பும்போது சேவ் செய்து "சைன் அவுட்" கொடுக்கப் பழக்குங்கள்.

பாடசாலைக் கணினி அறையிலை விடுமுறைக்கு என்ன செய்யிறது, சேர்?

வார இறுதிக்கும், வற்றாப்பளைப் பொங்கல் விடுமுறைக்கும், தவணை விடுமுறைக்கும் ஒரே பதில்: எல்லாவற்றையும் ஷட் டவுன் செய்து, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். லப்டொப்புகளைத் தவணை விடுமுறைக்குப் பூட்டி வைப்பதென்றால் பற்றரி பாதி அளவில் இருக்கட்டும். நிரப்பி வைத்தால் வெக்கையில் தேயும், வெறுமையாக வைத்தால் ஒரேயடியாகச் செத்துவிடும். மாரி காலத்தில் நிலத்தில் வைக்க வேண்டாம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது இரவோடு இரவாக. அலுமாரியின் மேல்தட்டுத்தான் அவற்றின் இடம்.

"அப்டேட் அன்ட் ஷட் டவுன்" எண்டு வருது. குடுக்கலாமோ?

பற்றரி பாதிக்கு மேல் இருந்து, சார்ஜரும் செருகி, வெட்டு அறிவிக்கப்படாத நேரமென்றால் கொடுங்கள். அப்டேட் நடுவில் கரண்ட் அறுந்து விண்டோஸ் திறக்காமல் போனால் பெரிய தலையிடி. பற்றரி செத்த லப்டொப்பில் யூபிஎஸ் இல்லாமல் பயோஸ் (இயந்திரத்தைத் தொடக்கிவிடுகிற அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யவே வேண்டாம்.

ஸ்லீப்பிலை விட்ட இரவு போன் டேற்றா முழுக்க முடிஞ்சுது.

போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தபடி மூடியிருப்பீர்கள். மொடர்ன் ஸ்டான்ட்பை உள்ள லப்டொப் மூடிய பின்னும் அப்டேட்டை இறக்கலாம். வைஃபை அமைப்பில் உங்கள் ஹொட்ஸ்பொட்டின் பெயரைத் திறந்து "மீற்றர்ட் கனெக்ஷன்" என்பதைப் போட்டுவிடுங்கள், பெரிய அப்டேட்டுகள் நின்றுவிடும். இரவில் ஹொட்ஸ்பொட்டை நிறுத்தவும் மறக்க வேண்டாம்.

நான் அறிவியல்நகரிலை படிக்கிறன். விண்டோஸும் உபுண்டுவும் இருக்கு. உபுண்டுவிலை இருந்து டி டிரைவுக்கு எழுத விடுதில்லை.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் காரணம். (உபுண்டு என்பது விண்டோஸ் போல இன்னோர் இயங்குதளம்.) விண்டோஸ் முழுதாக மூடப்படாததால், அதன் டிரைவுகள் இன்னும் பாவனையில் இருப்பதாகவே உபுண்டுவுக்குத் தெரிகிறது. வாசிக்க விடும், எழுத விடாது. அது உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுகிறது, வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். விண்டோஸை ஹைபர்னேட்டில் வைத்துவிட்டு உபுண்டுவைத் திறப்பதும் கூடாது. உபுண்டுவில் ஹைபர்னேட் தானாக வருவதில்லை, அங்கே ஸ்லீப் அல்லது ஷட் டவுன் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மக்புக் வைத்திருப்பவர்கள் மூடிவிட்டுப் போகலாம். பற்றரி முடியுமுன் அதுவே டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும்.

மூடியைத் திறந்தால் திரை கறுப்பாய் நிக்குது, விளக்கு மட்டும் எரியுது.

முதலில் ஏதாவது ஓர் எழுத்தை அழுத்திப் பாருங்கள், பிறகு பவர் பொத்தானை ஒருமுறை மெதுவாகத் தட்டுங்கள். ஹாட் டிஸ்க் இயந்திரம் என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். இன்னும் கறுப்பென்றால் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் திரும்பத் தொடங்கும், சிலவேளை சேவ் செய்யாத வேலையும் தப்பும். இதற்கும் அசையாவிட்டால்தான் பவர் பொத்தானைப் பத்து செக்கன் அழுத்திப் பிடித்து நிறுத்தித் திரும்ப ஓன் செய்ய வேண்டும். இது அடிக்கடி வருகிறதென்றால் லப்டொப் கொம்பனியின் தளத்திலிருந்து உங்கள் மொடலுக்கு உரிய கிராபிக்ஸ் டிரைவரை எடுத்துப் போடுங்கள், அதுவரை ஸ்லீப்பை விட்டு ஹைபர்னேட்டைப் பாவியுங்கள்.